நான் நெல் என்று எழுதிய நிலம்

உங்களில் சிலர் இந்த வருஷம்தான் முதல்முறையாக வெள்ளச் சேதக் கணக்கெடுப்புக்குப் போகப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பேச அழைத்தவர்கள், "அனுபவத்திலிருந்து நாலு நல்ல விஷயம் சொல்லுங்க மேடம்" என்றார்கள். நான் நல்லபடியாகச் செய்த வேலைகளைச் சொல்ல ஆரம்பித்தால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். வருவாய் ஆய்வாளர் வேலைக்கு, ஆர்.ஐ. ஆக வந்த புதிதில் ஒரே வாரத்தில் இரண்டு தப்புச் செய்தேன். முதல் தப்பு சோம்பலால் வந்தது. இரண்டாவது, நல்லது செய்கிறேன் என்ற வேகத்தில் வந்தது. அதுதான் மோசமானது. அதைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கர்ணம், மணியக்காரர் பதவிகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஊர்க் கணக்கைப் புதிதாக வந்த கிராம நிர்வாக அலுவலர்களிடம், வி.ஏ.ஓ.க்களிடம் கொடுத்திருந்த சமயம். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தன. நான் குரும்பலூர்க்காரி. எங்கள் பக்கம் மானாவாரி. சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். மழை பொய்த்தால் ஒரு வீடு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஆறு உடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது தெரியாது. என்னைக் கொண்டுபோய்க் கொள்ளிடக்கரையில் பதினாலு கிராமம் கொண்ட ஒரு பிர்காவில் போட்டார்கள். கீழப்பழுவூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். பெண் ஆர்.ஐ. என்பதே ஊர்களில் புதுசு. "ஆர்.ஐ. வரலீங்களா? நீங்க மட்டும் வந்திருக்கீங்க?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

அந்த ஐப்பசியில் கொள்ளிடம் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. ஏலாக்குறிச்சிக்குக் கிழக்கே ஒரு ஊரில் கரை உடைந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம், அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. உயிர்ச்சேதம் இல்லை. மாடுகள் போயின, கூரைகள் போயின, வயல் எல்லாம் மணல் மூடியது. தண்ணீர் வடிய ஆரம்பித்த அன்றே தாசில்தார் கூப்பிட்டார்.

"நிவாரண லிஸ்ட் அஞ்சு நாள்ல என் மேஜைக்கு வரணும். மேலேருந்து தெனம் ரெண்டு தடவை போன் வருது. காரணம் எதுவும் சொல்லாதே."

பதினாலு கிராமம், ஐந்து நாள். கரை உடைந்த ஊரின் பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். அந்த ஊர் வி.ஏ.ஓ. செல்வராஜ் எனக்கும் இளையவர். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இன்னும் நிரந்தரம் செய்யப்படவில்லை. அவர் அடங்கலைக் கொண்டுவந்து வைத்தார். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார்கள் என்று எழுதிவைக்கும் ஊர்க் கணக்கு அது.

செல்வராஜ் ஒளிக்கவில்லை. "மேடம், பழைய கர்ணம் எல்லாக் கணக்கையும் ஒரு சாக்குல கட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாருங்க. இந்த வருஷ அடங்கல் போன வருஷத்தைப் பாத்து எழுதுனதுதான். வயலுக்கு வயல் போய்ப் பாக்க நேரம் கெடைக்கல" என்றார்.

"பரவாயில்ல, ஆத்தோரம் எல்லாம் நெல்லுதானே" என்று சொன்னது நான்தான். அவர் வாசிக்க வாசிக்க நான் எழுதினேன். நெல், முழுச் சேதம். நெல், முழுச் சேதம். ஒரு நாளில் அந்த ஊரை முடித்துவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலம் ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். முழங்கால் வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. பெயர் சவரியம்மாள்.

"அம்மா, எங்க கன்னுங்க எல்லாம் போயிடுச்சுங்க. ஆத்தோரம் அரைக் காணி. எழுதிக்கிட்டீங்களான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"நெலம் யார் பேர்ல இருக்கு?"

தயங்கினார். "நெலம் நம்முது இல்லீங்க."

"என்ன பயிர்?"

"பயிரு இல்லீங்கம்மா, கன்னு. தென்னை, எலுமிச்சை, ஒட்டு மாங்கன்னு, மல்லிப் பதியம். பையில மண்ணப் போட்டு வளக்குறோம். ஏலாக்குறிச்சி கோயிலுக்கு பஸ்ல வர்ற சனம் வாங்கிட்டுப் போவும்."

அவரும் அவர் கணவர் அந்தோணிசாமியும் அதுவரை தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். முதல்முதலாகத் தங்களுக்கென்று ஒரு தொழில் வைத்துக்கொண்டது அந்த நாற்றுப்பண்ணைதான். இதை எல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்குக் கேட்கவில்லை. படிவத்தைப் பார்த்தேன். நெல், கரும்பு, வாழை, கடலை என்று இருந்தது. கன்று என்று இல்லை.

"கன்னுக்கெல்லாம் இதுல எடம் இல்லம்மா. பயிருக்குத்தான் குடுக்கச் சொல்லியிருக்காங்க."

"ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்கம்மா. கூப்புடு தூரந்தான்."

"நாளைக்கு வரேன்" என்றேன்.

மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. வேலை இருந்தது உண்மை. இருக்கிற இரண்டு நல்ல புடவையோடு சேற்றில் இறங்கப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. 'நாளைக்கு வரேன்' என்பது நம் வாயில் ரொம்பச் சுலபமாக வரும். கேட்டவர் அதை நம்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நாலாம் நாள் பட்டியலைத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, ஒரு நகலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினோம். அன்று நான் திரும்பிப் போக வேண்டிய பஸ் உடைப்புக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் கரைமேல் நடந்தேன். செல்வராஜ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட வந்தார். கரைக்குக் கீழே ஒரு இடத்தில் அந்தோணிசாமி மண்வெட்டியால் மணலை மெல்லச் செதுக்கிக்கொண்டிருந்தார். வெட்டினால் கன்று அறுந்துவிடும். சவரியம்மாள் குனிந்து கையால் பறித்து, ஒவ்வொரு கறுப்புப் பையாக வெளியே எடுத்துக் குடத்துத் தண்ணீரில் இலையைக் கழுவிக்கொண்டிருந்தார். பிழைத்தது ஒரு வரிசை. செத்தது ஒரு குவியல். குவியல்தான் பெரிது. உடைப்பைப் பார்க்க வந்த ஊர்க்காரர்கள் பத்துப் பேர் கரையில் நின்றிருந்தார்கள்.

சவரியம்மாள் என்னைப் பார்த்து நிமிர்ந்தார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. "பாத்து எறங்குங்கம்மா, புதைமணலா இருக்கு" என்றார்.

செல்வராஜிடம் அது எந்த சர்வே நம்பர் என்று கேட்டேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். கோவிந்தராசு என்பவரின் நிலம். எங்கள் பட்டியலில் அந்த நம்பருக்கு நேரே நெல், முழுச் சேதம் என்று இருந்தது. கீழே என் கையெழுத்து. அந்த மண்ணில் ஒன்பது வருஷமாக ஒரு நெல்மணி விளையவில்லை. விளைந்த ஒரே நெல் நான் காகிதத்தில் எழுதியதுதான்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கம் அப்படியே கோபமாக மாறியது. நம் தப்பு தெரியும்போது இன்னொருவர்மேல் கோபப்படுவது எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது பாருங்கள்! கரையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்:

"இந்த எடத்துல பாடுபடுறது நீங்கதான்னு நான் எழுதுறேன். குத்தகைப் பதிவேட்டுலயே உங்க பேரை ஏத்துறேன். யாரு தடுக்குறாங்கன்னு பாத்துடலாம்!"

கைதட்டுவார்கள் என்று நினைத்தேனோ என்னவோ. அந்தோணிசாமி மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். சவரியம்மாள் கிட்டே ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"அம்மா, சத்தம் போடாதீங்கம்மா. அப்படியெல்லாம் எழுதிடாதீங்க. ஒம்போது வருஷமா வாய்ப்பேச்சுல ஓடிக்கிட்டிருக்கு. குத்தகைன்னு காயிதத்துல ஏறுனா, நெலத்த நாங்க புடுங்கிக்குவோம்னு அவரு பயந்துருவாரு. நாளைக்கே கெளப்பி வுட்டுருவாரு. நெவாரணம் ஒருக்காதாம்மா வரும். நெலத்துக்கு நாங்க எங்க போறது?"

பதிவான குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் இருந்தது. ஏழைகளுக்காகக் கொண்டுவந்த நல்ல சட்டம்தான். ஆனால் அதற்குப் பயந்தே நிலக்காரர்கள் யாரும் எதையும் எழுத்தில் வைக்கவில்லை. எழுத்தில் வந்துவிடுமோ என்ற சந்தேகம் எழுந்தாலே ஆளைக் கிளப்பிவிடுவார்கள். சட்டப் புத்தகத்தை நான் பரீட்சைக்குப் படித்திருந்தேன். அது ஊரில் எப்படி நடக்கிறது என்பது சவரியம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் செல்வராஜ் மூச்சிரைக்க வந்தார். "மேடம், கோவிந்தராசு ஆள் அனுப்பிட்டாருங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள பையெல்லாம் எடுத்துட்டு எடத்த வுட்டுடணுமாம்."

ஆறு கொஞ்சத்தையாவது விட்டுவைத்திருந்தது. மீதியை நான் கொண்டுபோய்விட்டேன்.

"போலீஸ்ல ஒரு வார்த்தை சொன்னா அடங்கிடுவாருங்க" என்றார் செல்வராஜ். அவருக்கும் கோபம். செய்திருக்கலாம். வழக்குப் போட்டு, சாட்சி சேர்த்து, பத்து வருஷம் கழித்து சவரியம்மாள் ஜெயித்தும் இருக்கலாம். ஆனால் மணலிலிருந்து எடுத்த கன்றுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும். ஏலாக்குறிச்சி பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து யோசித்தேன். என் பஸ் இரண்டு போய்விட்டது. மூன்றாவதும் வந்தபோது எழுந்து, கோவிந்தராசு வீட்டைப் பார்த்து நடந்தேன்.

அறுபது வயதுக்காரர். களத்தில் சாக்கை விரித்து, நனைந்த விதைநெல்லைக் காலால் துழாவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். முளைகட்டிய வாடை அடித்தது. அதுவும் தேறாது என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

"வாங்க. சட்டம் பேச வந்தீங்களா?"

"இல்லீங்கய்யா. நான் செஞ்ச தப்பைச் சொல்ல வந்தேன். உங்க ஆத்தோர நம்பர்ல நெல்லுன்னு எழுதிட்டேன். பாக்காம எழுதினேன். அதை அடிக்கப் போறேன்."

"அடிங்க. நானா எழுதச் சொன்னேன்?"

உண்மை. அவர் கேட்கவே இல்லை. ஒரு நாள் முழுக்க அந்த மனிதரை மோசக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஊரு முன்னாடி அப்படிப் பேசினதும் தப்புதாங்க" என்றேன்.

அவர் துழாவுவதை நிறுத்தினார். "என் தம்பி அவன் பங்கை இப்படித்தான் வாய்ச்சொல்லுக்கு வுட்டான். உழுதவன் எனக்கே பாத்தியம்னு நின்னுட்டான். பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சான். அவன் செத்த பொறவும் கேசு ஓடுது. சவரியம்மா மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. பாடுபடுற சனம். ஆனா நீங்க கரையில நின்னு சொன்னதுல, எனக்கு ராவெல்லாம் தூக்கம் இல்ல. நாளைக்கு வேற ஆர்.ஐ. வருவாரு. நீங்க எழுதுனது அப்படியே இருக்கும்."

அவர் பயம் பொய்யில்லை. சவரியம்மாள் பயமும் பொய்யில்லை. இரண்டுக்கும் நடுவே என்னிடம் இருந்தது ஒரு படிவம் மட்டும். பஸ் நிறுத்தத்தில் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அய்யா, அந்தக் கன்னுங்க பையில இருக்கு. உங்க மண்ணுல வேர் வுடல. அதனால அது பயிர் இல்ல, சரக்கு. பானை பண்றவங்க பானைய அடுக்கி வச்சிருக்கிற மாதிரி. சரக்கு வெள்ளத்துல போச்சுன்னுதான் எழுதப் போறேன். எந்த எடத்துல இருந்துச்சுன்னு சர்வே நம்பரே போட வேண்டியதில்ல. குத்தகைங்கற சொல்லே வராது."

காலில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டார். "எழுதுனத எனக்குப் படிச்சுக் காட்டுவீங்களா?"

ஆபீஸ் காகிதத்தை வெளியாளுக்குப் படித்துக் காட்டுவது முறையா என்று கேட்டால், முறையில்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதி, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ஒரு வரியை இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.

"சித்திரை வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இனி தாசில்தார். கண்டிப்பானவர், ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தது. நான் எழுதியதைப் படித்தார்.

"சரக்குன்னு நிவாரண உத்தரவுல எங்க இருக்கு?"

கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். குயவர், நெசவாளர், சிறு வியாபாரிகள் இழந்த கருவிக்கும் சரக்குக்கும் உதவி தரலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பக்கம் வரை யாரும் படிப்பதில்லை. நானும் முதலில் படிக்கவில்லை.

"கன்னு விக்கிறவங்களும் சிறு வியாபாரிதானே சார்?"

"வாதம் சரி. மேல கேட்டு எழுதுவோம்" என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா ஏற்கெனவே அனுப்பின லிஸ்ட்ல அந்த நம்பரை ஏன் அடிக்கிறேன்னு காரணம் எழுதணுமே. வி.ஏ.ஓ. காப்பி பண்ணும்போது தப்பாயிடுச்சுன்னு ஒரு வரி போடு. முடிஞ்சுது."

அவர் எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். ஒரு வரிதான். செல்வராஜ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நிரந்தரம் ஆகாத வேலை. அந்த வரி அவரை வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று எனக்குத் தெரியும், தாசில்தாருக்கும் தெரியும். எனக்கு என்ன ஆகும் என்றும் நினைத்துப் பார்த்தேன். வீட்டில் தம்பி படிப்பு, அப்பாவுக்கு வைத்தியம், எல்லாம் என் சம்பளத்தில். இல்லை, உடனே முடிவு செய்துவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனேன். செல்வராஜ் எழுந்து நின்று, "என்ன சொன்னாருங்க மேடம்?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்தபிறகு வேறு எதையும் எழுத முடியவில்லை.

'அடங்கல் புதுப்பிக்கப்படவில்லை என்று வி.ஏ.ஓ. தெரிவித்தும், நிலத்தை நேரில் பார்க்காமல் என்னால் தயாரிக்கப்பட்ட பட்டியல்' என்று எழுதிக் கொடுத்தேன். தாசில்தார் இரண்டு முறை படித்தார்.

"இதுக்கு மெமோ வரும்."

"வரட்டும் சார்" என்றேன்.

"ஒரு நம்பர் தப்புன்னா மத்ததெல்லாம் சரியா?"

எல்லா ஊரையும் நடந்து பார்த்துவிடுகிறேன் என்றேன். அவர் மேலே போன் செய்து நாலு நாள் அவகாசம் வாங்கிக் கொடுத்தார். நானும் செல்வராஜும் அந்த ஊரை வயல் வயலாக நடந்தோம். மற்ற ஊர்களில் அந்தந்த வி.ஏ.ஓ.க்களோடு நடந்தேன். இரண்டு புடவையும் போயிற்று. தரிசுக்கு நெல் எழுதிய இடங்கள் இருந்தன. பாடுபட்டு நாசமானவர் பெயர் விட்டுப்போன இடங்கள் அதைவிட அதிகம் இருந்தன. கரையோரம் கன்று வளர்த்த வேறு சில குடும்பங்களும் அப்போதுதான் கண்ணில் பட்டன.

மெமோ வந்தது. என் ஊதிய உயர்வை ஒரு வருஷம் நிறுத்தினார்கள். அப்பா, "உண்மைய எழுதுனதுக்கா சம்பளத்தைப் புடிப்பாங்க?" என்று கேட்டார். உண்மையை எழுதியதற்கு இல்லை, பார்க்காமல் எழுதியதற்கு என்று சொன்னேன். நியாயமான தண்டனைதான். அதைப் பற்றி எனக்கு அன்றும் வருத்தம் இல்லை. செல்வராஜ் நிரந்தரமானார்.

பயிருக்கும் கன்றுக்குமான உதவி அனுமதியாகி வர மாசி மாதம் ஆகிவிட்டது. கன்றுக்குக் கிடைத்தது நெல்லுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. இழந்ததில் ஒரு பகுதிக்குக்கூடக் காணாது. நாம் கொடுப்பது எப்போதும் குறைவாகவும் தாமதமாகவும்தான் போய்ச் சேரும். அதனால்தான் அதை யாரிடம், எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்பதிலாவது கவனம் வேண்டும். ஒருவருக்கு உதவப்போகும்போது, உங்கள் ஜீப் திரும்பிப் போனபிறகு அவர் யாரோடு வாழ வேண்டியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். என்னைப் போல் கரைமேல் நின்று சத்தம் போடாதீர்கள்.

பட்டுவாடா அதே பள்ளிக்கூடத்தில் நடந்தது. வரிசையில் சவரியம்மாள் வந்தார். அவருக்குப் பின்னால், வேறொரு வயலில் நெல் போனதற்காகக் கோவிந்தராசு நின்றிருந்தார். அவர்கள் இருவரும் ஐப்பசிக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை என்று செல்வராஜ் சொல்லியிருந்தார். சவரியம்மாள் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் போட்டு முடிக்கும் வரை கோவிந்தராசு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:

"தென்னங்கன்னு எத்தினி தேறிச்சு?"

"அறுவது தேறியிருக்குங்க."

"கோயில் சனத்துக்குக் குடுத்துடாத. ஆத்தோரம் மண்ணு அரிச்ச எடம் பூரா வெச்சுடலாம்னு பாக்குறேன்."

"நட்டே குடுத்துடுறேங்க."

"நட்டுட்டுப் போயிட்டா? ரெண்டு மூணு வருஷத்துக்குத் தண்ணி யாரு ஊத்துவா?"

சவரியம்மாள் ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நாங்கதான் அங்கயே இருக்கோமேங்க."

கோவிந்தராசு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. தலையை நிமிர்த்தாமல் பேனாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். கையெழுத்துப் போட்டார். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.